பொம்மை வாத்தை முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்ப்பறவை வேட்டையில் காட்டு வாத்தை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்தை வாங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறம், இறகு வேலைப்பாடு, கண்ணின் பளபளப்பு, ஒரு பெட்டிக்கு எத்தனை என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. கடைக்குப் போகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். முதுகைத் தடவுகிறார்கள், தலையின் பச்சையை மெச்சுகிறார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தண்ணீரில் இறக்கியபின் அது வாத்தாகத் தெரியுமா, மிதக்கும் டப்பாவாகத் தெரியுமா என்பதைத் தீர்மானிக்கும் சங்கதிகள் எல்லாம் வயிற்றுக்குக் கீழே இருக்கின்றன. ஏரா (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு), கயிறு, நங்கூரம். இந்த மூன்றுக்கும் சேர்த்துக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான். விட்டுப்போனதை எழுதவே இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். பிரிட்டன், கனடா, அமெரிக்கா என்று, பருவமும் உரிமமும் வகுத்து அனுமதிக்கும் நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கே இங்கே சொல்வது பொருந்தும். பிரிட்டனில் உள்நாட்டு நீர்நிலைகளில் வாத்துக்கான பருவம் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. கடலோரத்தில், பெரிய ஓதத்தின் (கடல்நீர் ஏறி வற்றுவதன்) ஏற்றக்கோட்டுக்குக் கீழே, பிப்ரவரி 20 வரை நீளும். இந்தத் தேதிகள் பொம்மை வாங்குவதோடும் சம்பந்தப்பட்டவை, பின்னால் வருகிறேன்.

பறவையைக் காட்டிப் பறவையை அழைக்கும் இந்த உத்திக்குப் பழந்தமிழில் பெயரே உண்டு: பார்வை. காட்டு மானை வசப்படுத்தப் பழக்கி வைத்த மான், பார்வை மான். உயிருள்ள பார்வைக்கு இன்று பல இடங்களில் தடை உண்டு. அமெரிக்காவில் உயிர் வாத்தை வைத்து வாத்தை அழைப்பது 1935 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், கட்டிவைத்த பறவை, ஊனப்பட்ட பறவை, ஒலிப்பதிவு மூன்றையும் ஒரே பிரிவில் தடுக்கிறது. பொம்மைக்குள் ஒலிபெருக்கி பொருத்தி 'கத்தும் வாத்து' என்று விற்பதைத் தங்கள் கட்டுரை புதுமை என்று பாராட்டியிருந்தது. அதை அங்கே வேட்டைக்குப் பயன்படுத்தினால் வழக்குத்தான் வரும். இதை மட்டுமாவது திருத்தம் என்று வெளியிடுவது நல்லது.

இனி ஏரா. படகின் அடியில் ஓடும் கட்டைக்கு என்ன வேலையோ அதே வேலைதான் பொம்மையின் அடியில் இருக்கும் தகட்டுக்கும். பக்கக் காற்றில் சாயாமல் பிடிக்க வேண்டும், சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும். சந்தையில் இரண்டு வகை. எடை ஏரா என்பது உள்ளே மணலோ வேறு கனமான பொருளோ அடைத்து மூடியது. நீர் ஏரா என்பது வெற்றுக் கூடு, ஓரங்களில் துளை இருக்கும், தண்ணீரில் வைத்ததும் நீர் புகுந்துகொள்ளும். புகுந்த நீரே எடை என்று விற்பனையாளர் சொல்வார். பாதிதான் உண்மை. ஏரா தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் வரை, உள்ளே இருக்கும் நீர் பொம்மையைக் கீழே இழுப்பதில்லை. பொம்மை சாய்ந்து ஏராவின் ஒரு பகுதி மேலே எழும்போதுதான் அந்த நீர் கனக்கத் தொடங்கும். ஆகவே நீர் ஏரா பொம்மை கொஞ்சம் சாய்ந்த பிறகே நிமிரப் பார்க்கும். தலைகீழாக விழுந்தால் உள்ளே நீரே இருக்காது, பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எடை ஏராவை இருட்டில் கரையிலிருந்து வீசலாம், உருண்டு தானாக நிமிரும். நீர் ஏராவை ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும்.

அப்படியானால் எடை ஏராதான் சிறந்ததா? தூக்கிச் செல்லும் தூரத்தைப் பொறுத்தது. எடை ஏரா கொண்ட ஒரு மல்லார்ட் (ஆணுக்குப் பச்சைத் தலையுள்ள காட்டு வாத்து) பொம்மையும் அதன் நங்கூரமும் சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பன்னிரண்டு என்றால் 9, 10 கிலோ. வண்டியிலிருந்து குளத்துக்கு ஐம்பது அடி நடப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. கழிமுகத்தில் முழங்கால் சேற்றில், துப்பாக்கியும் நாயும் கைத்தடியுமாக ஒரு கிலோமீட்டர் நடப்பவருக்கு அது பாரம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. ஓதம் திரும்பும்போது வேகமாக வெளியேற முடியாது. அங்கே ஆறு நீர் ஏரா பொம்மை, பன்னிரண்டு எடை ஏரா பொம்மையைவிட மேல். பெட்டிக் கணக்கில் வாங்கினால் மலிவு என்ற எண்ணம்தான் பலரைப் பன்னிரண்டு வாங்க வைக்கிறது.

ஏராவில் இன்னொரு சிக்கல். அது வயிற்றுக்குக் கீழே நாலைந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கால் முழுகாத ஆழத்தில் ஏரா சேற்றில் தட்டும், பொம்மை ஒருபக்கமாகச் சாய்ந்து அசையாமல் நிற்கும். கடல் வற்றினால் பக்கவாட்டில் படுத்துவிடும். மேலே வட்டமிடும் வாத்துக்கு அது செத்த வாத்தாகவே தெரியும். சேற்றுத் திட்டிலும், தண்ணீர் மெல்லியதாகப் பரவிய புல்வெளியிலும் ஏரா இல்லாத தட்டையடி நுரைப் பொம்மைதான் நிமிர்ந்து உட்காரும். இரண்டு விதமான இடத்திலும் வேட்டையாடுபவர் இரண்டு விதமும் சிலசில வைத்திருப்பதே சரி.

கடையிலோ வீட்டிலோ செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. குளியல் தொட்டியிலோ பெரிய டிரம்மிலோ முக்கால் அடி தண்ணீர் நிரப்புங்கள். பொம்மையை வைத்து, இறக்கையின் ஓரம் நனையும் வரை ஒருபக்கம் அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு மூன்று முறை ஆடி அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஏரா போதவில்லை. ஆடாமல் சட்டென்று நின்றால் எடை அதிகம், சிற்றலையில் கல் மாதிரி உட்காரும். பிறகு முழங்கால் உயரத்திலிருந்து தலைகீழாகப் போடுங்கள், எடை ஏரா என்றால் நிமிர்ந்தாக வேண்டும். அடுத்து தண்ணீர்க் கோட்டைப் பாருங்கள். ஓய்வாக மிதக்கும் வாத்தின் வால் தண்ணீரைவிடச் சற்று மேலே நிற்கும், மார்பு நன்றாக அமிழ்ந்திருக்கும். பொம்மையின் ஏரா வெளியே தெரிந்தாலோ, மூக்கு குத்தி வால் வானத்தைப் பார்த்தாலோ வாங்காதீர்கள். லேசான சாய்வு மட்டும் இருந்தால், உயர்ந்து நிற்கும் முனைப் பக்கம் ஏராவில் ஒரு துருப்பிடிக்காத வாஷரைத் திருகினால் சரியாகிவிடும். உடலில் மட்டும் திருகாணி போடக் கூடாது, அன்றைக்கே ஒழுகத் தொடங்கும். எடை ஏராவிலும் மூடிய கூட்டைத் துளைத்தால் மணல் கொட்டும், கயிறு கட்டும் துளைப் பக்கத்துத் திண்மையான விளிம்பில்தான் திருக வேண்டும்.

உடல் என்ன பொருள் என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலானவை காற்றூதி வார்த்த பாலிஎத்திலீன் கூடுகள். மலிவு வகையில் சுவர் மெல்லியதாக இருக்கும். கட்டைவிரலால் முதுகை அமுக்கினால் குழிந்து 'டப்' என்று திரும்பும், உறைபனிக் காலையில் அதே இடம் விரிசல் விடும். வார்ப்புக் கோடு வயிற்றின் நடுவில் ஓடும், ஏரா சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் ஒழுகும். ஒழுகலைக் கண்டுபிடிக்கப் பொம்மையை வெதுவெதுப்பான நீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிவதால் ஊசித்துளை இருந்தாலும் குமிழி வரும். குளிர்ந்த நீரில் அது தெரியாமல் போகும்.

ஒழுகலை அடைக்கப் பசை வாங்கி ஏமாறாதீர்கள். பாலிஎத்திலீன் எந்தப் பசையையும் லேசில் பிடித்துக்கொள்ளாத பிளாஸ்டிக். எபாக்ஸியும் உடனடிப் பசையும் காய்ந்ததும் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். சால்டரிங் கருவியைச் சூடாக்கி, அதே வகைப் பிளாஸ்டிக்கின் துண்டு ஒன்றை, பழைய உடைந்த பொம்மையிலிருந்து வெட்டியது போதும், துளையின் ஓரத்தோடு சேர்த்து உருக்கித் தேய்ப்பதுதான் நிற்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கருகிப் புகை வந்தால் சூடு அதிகம்.

நுரை அடைத்த பொம்மை சத்தம் போடாது, சுடும்போது குண்டு பட்டாலும் மூழ்காது. ஆனால் வெற்றுக் கூட்டில் வீட்டிலேயே நுரை அடைக்கிறேன் என்று இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கதவு நிலைக்கு அடிக்கும் பாலியூரிதேன் நுரை, காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். மூடிய கூட்டுக்குள் நடுப்பகுதி இறுகாமல் பசையாகவே நிற்கும். அளவு மிஞ்சினால் வார்ப்புக் கோடு பிளக்கும். வாலடியில் ஒன்று, மார்பில் ஒன்று என்று இரண்டு துளை போட்டு, கூட்டுக்குள் லேசாக நீர் தெளித்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடித்து, மறுநாள் மீதியை அடிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் எடை கூடும். ஈவிஏ என்ற மென்மையான நுரையில் முழுதும் வார்த்த பொம்மையை வாங்குவதே நல்லது. அதற்கும் ஒரு குறை உண்டு, வெயிலில் பூட்டிய காருக்குள் மூட்டையாக அடுக்கினால் அடியில் இருப்பவற்றின் தலை நசுங்கி அப்படியே நின்றுவிடும்.

ஊதிப் பெருக்கும் ரப்பர் வகை எடையே இல்லாதது, பன்னிரண்டும் ஒரு தோள்பையில் அடங்கும். அடியில் வளையமும் திறப்பும் உள்ள வகையை மெதுவாகத் தண்ணீரில் வைத்தால் சுருங்கிக் கிடக்கும். இடுப்பு உயரத்திலிருந்து நேராகத் தட்டையாகப் போட வேண்டும், விழும் வேகத்தில் உள்ளே காற்று சிறைப்பட்டு உப்பும். காற்று வலுத்தால் அலைமேல் துள்ளும், அதுதான் இதன் பெரிய குற்றம். சிறு குளத்துக்கும் நெடுநடைக்கும் மட்டும் சிபாரிசு செய்வேன். தக்கைப் பொம்மைகள் அலையில் அழகாக உட்காரும், கனமும் விலையும் அதிகம். பொருள் எதுவானாலும் வடிவமும் இருப்பும்தான் முக்கியம் என்பதற்கு நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்தவற்றைச் சொல்லலாம். கோரையில் சுற்றிக் கட்டிய வாத்துகள், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை. இன்றைக்குத் தண்ணீரில் விட்டாலும் வாத்து என்றே சொல்லும்படியான உடற்கட்டு.

கயிற்றுக்கு வருகிறேன். பொம்மை வாங்குபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியில் இருக்கும் விலை பெரும்பாலும் வெறும் பொம்மைக்கானது, கயிறும் நங்கூரமும் தனி. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டபிறகே ஒரு வகையை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

பாலிப்ரோப்பிலீன் கயிறு மலிவு, எங்கும் கிடைக்கும், வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைவிட லேசானது. தொய்வாக இருக்கும் பகுதி மேலே மிதந்து புழுப்போல் நெளியும், பக்கத்துப் பொம்மையின் கழுத்தில் சுற்றும், வாத்துக்கும் தெரியும். நைலான் மூழ்கும். கரும்பழுப்பில் தார் பூசிய பின்னல் நைலான், 2 மில்லிமீட்டர் தடிமன், பல பருவம் தாங்கும், முடிச்சு வழுக்காது, சேற்றில் நிறம் தெரியாது. வெட்டிய முனையைத் தீக்குச்சியில் உருக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பிரியும். தடித்த பிவிசி கயிறு சிக்காது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான், ஆனால் கடுங்குளிரில் கம்பிபோல் விறைத்து, சுற்றி வைத்த வளைவிலேயே நிற்கும். முடிச்சும் இளகும்.

தற்போது அதிகம் பேசப்படுவது தடித்த தங்கூசி நரம்பில் செய்யும் அமைப்பு, டெக்ஸஸ் ரிக் என்பார்கள். சுமார் 2 மில்லிமீட்டர் நரம்பு, ஒரு மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் நீளம். ஒரு முனையில் வளையம் போட்டு, அதில் பொம்மை வழுக்கி ஓடும்படி ஏராத் துளையில் கோக்கிறார்கள். மறுமுனையில் முட்டை வடிவக் குண்டு. எடுக்கும்போது நரம்பின் வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் பொம்மை குண்டை நோக்கி வழுக்கி இறங்கும். பன்னிரண்டு வளையங்களையும் ஒரே காராபினரில் (திறந்து மூடும் கொக்கி வளையம்) மாட்டிவிடலாம், சுற்றும் வேலையே இல்லை. இருட்டிலும் கையுறையோடும் இரண்டே நிமிடத்தில் முடியும். குறை இரண்டு. நரம்பின் நீளத்தைவிட ஆழம் கூடிய இடத்தில் அது உதவாது. கொத்தாகத் தொங்கும் பொம்மைகள் நடக்க நடக்க ஒன்றோடொன்று இடித்து, முதலில் அலகு, பிறகு தலை என்று சாயம் போகும்.

தங்கூசியில் முடிச்சு போடக் கூடாது, வழுக்கி அவிழும். இரட்டைக் குழல் அலுமினிய கிரிம்ப், அதாவது நரம்பை நுழைத்து அமுக்கி இறுக்கும் சிறு குழல், போட வேண்டும். நரம்பை ஒரு குழலில் நுழைத்து, வளையமாக்கி, மறு குழலில் திருப்பி, முனை 2 மில்லிமீட்டர் வெளியே நீளும்படி விடுங்கள். குழலின் நடுவில் மட்டும் இரண்டு இடத்தில் அமுக்குங்கள். குழலின் இரு ஓரத்தையும் அமுக்கினால் உலோக விளிம்பு நரம்பைக் கத்திபோல் அறுத்துவிடும். ஒரே நாளில் மூன்று நான்கு பொம்மை காணாமல் போகிறது என்று புலம்புபவர்களின் கிரிம்பை எடுத்துப் பாருங்கள், ஓரம் நசுங்கியிருக்கும்.

கயிற்றின் நீளம் ஆழத்தைப் பொறுத்தது. அசையாத குளத்தில் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. காற்றோ நீரோட்டமோ உள்ள இடத்தில் இரண்டு மடங்கு, ஏனென்றால் கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தும். சாய்ந்து கிடந்தால்தான் நங்கூரம் சேற்றைக் கவ்வும். கழிமுகத்தில் இறக்கும் நேரத்து ஆழத்தைப் பார்க்காமல் ஏற்றத்தின் உச்ச ஆழத்தைக் கணக்கில் எடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து ஆளுயரம் ஏறியதும் பொம்மைகள் வரிசையாகப் புறப்பட்டுப் போவதற்குக் காரணம் இதுவே. அதற்காகக் கால் மீட்டர் ஆழத்தில் நாலு மீட்டர் கயிறு விடுவதும் தவறு. எல்லாம் காற்றடிக்கும் பக்கமாக ஒதுங்கி ஒரே கொத்தாகிவிடும். மிச்சக் கயிற்றை ஏராவில் சுற்றி ரப்பர் வளையத்தில் செருகும் வசதி உள்ள பொம்மையாகப் பாருங்கள்.

நங்கூரத்துக்கு அமைதியான குளத்தில் 115 கிராம், காற்றடிக்கும் திறந்த நீரில் 170 கிராம், ஓட்டத்தில் 225 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். காளான் வடிவம் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், பைக்குள் போனால் கயிறு எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு வரும். கழுத்தில் சுற்றிவிடும் நெகிழ்ந்த பட்டை சிக்காது, தலைச் சாயத்தைத் தேய்க்கும். கூழாங்கல் படுகையில் எந்த வடிவமும் உருளும், அங்கே எடையைத்தான் கூட்ட வேண்டும். ஏராவில் முன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட துளை இருந்தால் எல்லாப் பொம்மையையும் ஒரே துளையில் கட்டாதீர்கள். முனைத் துளையில் கட்டியது காற்றை நேராகப் பார்த்து நிற்கும். சற்றே உள்ளே தள்ளிய துளையில் கட்டியது இடமும் வலமுமாக அலையும். இரண்டும் கலந்தால்தான் கூட்டம் உயிரோடு இருக்கும்.

எந்த இனம், எத்தனை என்பதில் கட்டுரையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மல்லார்ட் பொம்மைக்குக் கிளுவையும் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் இறங்கும் என்பதால் முதல் அரை டஜன் மல்லார்ட்டாக இருக்கட்டும். ஆனால் ஆறு ஆண், ஆறு பெட்டை என்று வரும் பெட்டியைச் செப்டம்பரில் அப்படியே இறக்குவது சரியல்ல. கோடையில் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்து, பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பில் இருக்கும். பச்சைத் தலை முழுதாகத் திரும்பி வர இலையுதிர் காலம் நன்றாகப் பிடித்துவிடும். பருவத் தொடக்கத்தில் பளிச்சென்ற ஆறு பச்சைத் தலை எந்தக் குளத்திலும் இருக்காது. பெட்டையாகவே இறக்குங்கள். டிசம்பர், ஜனவரி, கடலோரத்தில் பிப்ரவரியிலும், ஆண் பொம்மைகளைக் கூட்டலாம். மங்கிய வெளிச்சத்தில் தூரத்துக்குத் தெரிவது வெளிர் விலாவும் கறுப்பு வாலடியும்தான்.

தலை இருக்கும் விதத்தையும் பாருங்கள். கழுத்தை நீட்டிய வாத்து எச்சரிக்கையாக இருக்கும் வாத்து. பன்னிரண்டும் கழுத்தை நீட்டி நின்றால் மேலே வருபவை 'ஏதோ சரியில்லை' என்று புரிந்துகொள்ளும். ஒன்றிரண்டு மட்டும் நீண்ட கழுத்து, மற்றவை தலை தாழ்ந்ததும் முதுகில் அலகு செருகித் தூங்குவதுமாக இருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட், மேக்னம் என்ற பெயர்கள் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வோர் அளவு. அலகு முனையிலிருந்து வால் முனை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். பெரிய ஏரியில் பெரிய பொம்மை தூரத்துக்குத் தெரியும், குறுகிய ஓடையில் ஆறு சாதாரண அளவே போதும். கிளுவை பொம்மையை மேக்னம் மல்லார்ட்டோடு கலந்தால் குஞ்சோடு வந்த குடும்பம் மாதிரி இருக்கும்.

சாயத்தைப் பற்றி ஒரே ஒரு சோதனை: நனைத்துப் பாருங்கள். கடையில் காய்ந்திருக்கும்போது எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். ஒரு கை தண்ணீர் தெளித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிபோல் மின்னுவது எது, மின்னாதது எது என்று உடனே தெரிந்துவிடும். உண்மை இறகில் நீர் உருண்டு ஓடிவிடும், படலமாக நிற்காது. பிளாஸ்டிக்கில் படலமாக நிற்பதால்தான் மின்னுகிறது. சொரசொரப்பான வார்ப்பு இதைக் குறைக்கும். வெல்வெட் போல் இழை ஒட்டிய தலை மின்னவே மின்னாது, ஆனால் சேற்றையும் பனியையும் பிடித்துக்கொள்ளும், காராபினரில் தொங்கவிட்டால் ஒரு பருவத்தில் வழுக்கையாகிவிடும். சாயம் போன பழைய பொம்மைக்கு மீண்டும் பூச, பாத்திரச் சோப்பில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, அதன்மேல் மேட் அக்ரிலிக் பூசுங்கள். பிரைமர் இல்லாமல் பூசியது முதல் குளிரிலேயே செதில் செதிலாக விழும். வேட்டை முடிந்து கழுவும்போது வெறும் தண்ணீர் போதும். துணிச் சலவைத்தூளில் வெண்மை கூட்டும் பொருள் இருக்கிறது, அது படிந்தால் பொம்மை இயற்கைக்கு மாறாகப் பளிச்சிடும்.

அசைவுப் பொம்மைகளில் சுழலும் இறக்கைக்குத்தான் விளம்பரம் அதிகம். வாங்குமுன் உங்கள் பகுதி விதியைப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, கலிஃபோர்னியாவில் மின்சாரத்தால் சுழலும் இறக்கையை நவம்பர் 30 வரை பயன்படுத்த முடியாது. பருவத்தின் பின்பகுதியில், அடிபட்டுத் தேறிய வாத்துகள் அந்த மினுக்கலைக் கண்டாலே விலகுவதும் உண்டு. உப்புநீரில் மோட்டார் அச்சு துருப்பிடிக்கும், அன்றன்றே நன்னீரில் கழுவி எண்ணெய் போட வேண்டும். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு இழுப்புக் கயிறு செய்துவிடலாம். 3 கிலோ நங்கூரம் அல்லது சேற்றில் அடித்த முளை, அதில் 2 மீட்டர் பங்ஜி ரப்பர், ரப்பரின் மறுமுனையில் கருநிறக் கயிறு 25 மீட்டர், மறைவிடம் வரை. ரப்பரை ஒட்டிய பகுதியில் முக்கால் மீட்டருக்கு ஒன்றாக நாலு பொம்மை. இழுத்துவிட்டால் ரப்பர் திருப்பி இழுக்கும், நாலும் முன்னும் பின்னும் நீந்தி வளையம் வளையமாக அலை பரப்பும். காற்றே இல்லாத காலையில் மற்ற எந்தப் பொம்மையும் செய்யாத வேலை இது. வாத்துகள் வட்டமிட்டு விலகும்போது இழுங்கள். நேராக இறங்கத் தொடங்கியதும் கையை நிறுத்திவிடுங்கள், கயிறு தண்ணீரை அறுக்கும் கோடு மேலிருந்து தெரியும்.

பொம்மைகளை வைத்துத் தூரமும் அளக்கலாம், இதையும் கட்டுரை சொல்லவில்லை. கடைசிப் பொம்மையை மறைவிடத்திலிருந்து 35 மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு அப்பால் இருக்கும் பறவையைச் சுடக் கூடாது என்பதற்கு அதுவே கொடிக்கம்பம். வாத்து காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், ஆகவே காற்று போகும் பக்கமாக, 20, 25 மீட்டரில், பத்து மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். பொம்மைகளை வரிசை பிடித்து நிறுத்தாமல் ஒன்றரை, இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒழுங்கில்லாமல் சிதற விடுங்கள். இறக்கும்போது எண்ணுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். கயிறோடு விட்டுப்போன பொம்மை அடுத்த பறவையின் காலில் சுற்றும்.

பழையது வாங்குவோருக்காக ஒரு வார்த்தை. காதருகே வைத்துக் குலுக்குங்கள். சலசலத்தால் உள்ளே தண்ணீர், கலகலத்தால் குண்டு துளைத்து உள்ளே தங்கியிருக்கிறது. குண்டு போன துளைகள் முதுகில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருந்தால் உருக்கி அடைத்துக்கொள்ளலாம், கோட்டுக்குக் கீழே நாலைந்து இருந்தால் உதிரிப் பிளாஸ்டிக்குக்கு மட்டும் எடுங்கள். ஏராவின் கயிற்றுத் துளையில் விரலை விட்டுப் பாருங்கள். கயிறு அறுத்து அறுத்துத் துளை முட்டை வடிவத்தில் விளிம்பை எட்டியிருந்தால் அந்தப் பொம்மை ஒரு நல்ல காற்றுக்குத் தாங்காது. இணையத்தில் விற்பவர்கள் படத்தில் முதுகையும் தலையையும்தான் போடுவார்கள், அடிப்பக்கத்தின் படத்தையும் ஒன்றின் எடையையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்